பக்கத்து இருக்கையின் கால்

ஒரு பெண் கார் ஓட்டுகிறாள். நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்போது உங்கள் வலது கால் என்ன செய்துகொண்டிருக்கும்?

உடனே பதில் வேண்டாம். அதற்குள் ஆரோக்கியமேரியின் இடது காலைப் பார்த்துவிடலாம். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவு. மேரியின் கைகள் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்க, இடது கால் மட்டும் தரையை ஒரே அமுக்காக அமுக்கும். பிறகு, தூங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதுபோல மெல்ல மேலே வரும். மறுபடி அமுக்கும். பக்கத்தில் நின்ற பெண்களுக்கு முதலில் பயமாக இருந்தது. நரம்புத் தளர்ச்சி என்று முடிவு கட்டினார்கள். ஒருவர் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் ஜெபக்கூட்டத்தில் தரும் எண்ணெயைத் தடவச் சொன்னார். இரண்டு மதங்களும் ஒரு காலுக்குப் போட்டியிடுவதைப் பார்த்த மேரி, டேப்பைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டுச் சொன்னார்: "காலு நல்லாதான் கீது. கிளட்ச் வுட கத்துக்கினு கீறேன்."

மேரிக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய தாயார் அடுத்தவர் கழனியில் குனிந்தபடியே வாழ்ந்து முடித்தார். மேரி பல வருடங்களாகக் கான்ட்ராக்டில் நின்றபடியே வாழ்கிறார். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு கிடக்கிறது. உட்கார்ந்து செய்யும் வேலை என்பது அந்தக் குடும்பத்துக்குள் இதுவரை நுழைந்ததில்லை.

கால் இப்படித் தரையை அமுக்கத் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் கம்பெனியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். புதிதாக ஒரு கார் வாங்கப்படுகிறது, பெண் தொழிலாளர்களை ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் அழைத்துச் செல்ல ஒரு பெண் ஓட்டுநர் தேவை, உள்ளே வேலை செய்யும் பெண்களில் லைசென்ஸ் உள்ளவருக்கு முதல் வாய்ப்பு, வேலை நிரந்தரம். கம்பெனிக்குத் திடீரென்று இரக்கம் சுரந்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வந்து, உங்களிடம் பெண்கள் என்னென்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காரணம் எதுவானால் என்ன? மேரி அந்த அறிவிப்பில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்த்தார்: ஒரு இருக்கை.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு டிரைவிங் ஸ்கூல். "பெண்களுக்குத் தனிக் கவனம்" என்று போர்டிலேயே எழுதியிருந்தது. சொல்லிக்கொடுப்பவர் ஜெகன், முப்பதைத் தொடாத இளைஞர், மேரியை "அக்கா" என்பார். பழைய சின்னக் கார். முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும். டேஷ்போர்டில் பவானி அம்மன். பயிற்சிக் கார் என்பதால் ஜெகன் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். ஜெகன் பக்திமான். கிளம்பும் முன் அம்மனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒற்றிய கை இறங்குவதற்குள் இரண்டு கால்களையும் அந்த இரண்டு பெடல்கள்மேல் வைத்துவிடுவார். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று வாய் சொல்லும். கால் அதை நம்பியதே இல்லை.

வீட்டிலும் மேரியின் பாடம் ஓயாது. நாற்காலிக்கு முன்னால் மூன்று செருப்புகளை வரிசையாக வைப்பார். இடது ஓரத்தில் இருப்பது கிளட்ச், வலது ஓரத்தில் ஆக்சிலேட்டர், இரண்டும் மேரியுடையவை. நடுவில் பிரேக்காக இருப்பது மட்டும் கணவர் தாவீதுடைய செருப்பு. பெரியதாக இருப்பதால் காலுக்கு வாகாக இருந்ததாம். வெல்டிங் வேலைக்குக் கிளம்பிய தாவீது ஒரு காலில் செருப்புடன் வாசலில் நிற்பார்.

"இன்னொரு செருப்பு எங்கடி?"

"அது பிரேக்கு. சித்த நில்லு, வண்டி இன்னும் நிக்கல."

சைக்கிளையே கோணலாக ஓட்டுகிறவளுக்குக் கியர் வண்டி எதற்கு என்று தாவீது கேட்டுப் பார்த்தார். சைக்கிளில் பின்னால் அவர் உட்கார்ந்திருந்ததால்தான் கோணலாகப் போனது என்று பதில் வந்தது. அதன்பின் அவர் செருப்புக்காக அமைதியாகக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்.

லைசென்ஸ் வந்துவிட்டது. தேர்வு நாளிலும் அதே கார், பக்கத்து இருக்கையில் அதே ஜெகன், கீழே அதே கால்கள்.

கம்பெனியில் போக்குவரத்தைக் கவனிப்பவர் வெங்கடேசன். அவர் முன்னால்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். புதுக் காரை ரயில் பாதைக்கு மேல் ஏறும் மேம்பாலத்துக்கு விடச் சொன்னார். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார் மேரி. இப்போது எடு என்றார். மேரி கிளட்சிலிருந்து காலை எடுத்தார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. மூன்றாம் முறை பின்னால் உருண்டது. பின்னால் ஒரு டிரெய்லர் லாரி ஊரையே கூட்டுவதுபோல ஹாரன் அடித்தது. வெங்கடேசன் கை பிரேக்கை இழுத்துவிட்டு, மூச்சு வந்ததும் கேட்டார்: "லைசென்ஸ் எங்கம்மா வாங்குன? பெரியபாளையத்துல மொட்ட போட்டா குடுக்குறாங்களா?"

அன்று மதியம் கேன்டீனில் அவர் இதை நடித்தே காட்டினார். கார் குலுங்கியதற்கு ஒரு குலுக்கல், மேரியின் முழிக்கு ஒரு முழி. சாம்பார் வாளியுடன் நின்றவர்கூடச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை இன்னொரு வாய்ப்புத் தருவதாக வெங்கடேசன் பெரிய மனதுடன் அறிவித்தார். அதிலும் தவறினால், தகுதியான பெண் கிடைக்கவில்லை என்று மேலே எழுதிவிடலாம். வேப்பம்பட்டில் கால் டாக்சி ஓட்டும் அவருடைய மச்சான் தகுதியுடன் காத்திருந்தார்.

வீட்டில் தாவீது, மேரி கேட்காமலேயே தன் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். அதுவே மேரிக்கு ஆத்திரமாக இருந்தது. "எஞ்சின்தான் ஆஃப் ஆச்சு. நானா ஆஃப் ஆயிட்டேன்?" என்றார். அன்றிலிருந்து கார் நின்றாலும் கன்வேயர் நின்றாலும் கரண்டு நின்றாலும் அவர் சொல்வது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெகனைப் பிடித்தார். தொழிற்பேட்டைக்குள் அகலமான சாலைகள். ஓரத்தில் டிரெய்லர்கள் வரிசையாக நிற்க, அதன் நிழலில் ஓட்டுநர்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற மேரி கிளட்ச்மேல் காலை வைத்தார். தான் அமுக்கும் முன்பே பெடல் கீழே போயிருந்தது. பேய் பிடித்த பெடலாக இருக்குமோ என்று வேறு யாராவது நினைத்திருக்கலாம். மேரி அப்படி நினைக்கவில்லை, சோதித்துப் பார்த்தார். இடது காலைத் தூக்கி இருக்கையில் மடக்கி, சேலைக்குள் வைத்துக்கொண்டார். கியரை மட்டும் மூன்றாவதுக்குத் தள்ளினார். கியர் வெண்ணெய்போல வழுக்கி மாறியது.

"சூப்பர்க்கா," என்றார் ஜெகன். "இன்னிக்குதான் கிளட்ச் கரெக்டா வுட்டீங்க."

மேரி வண்டியை ஓரம் கட்டினார். "என் காலு எங்க கீது பாரு, தம்பி."

ஜெகன் குனிந்து பார்த்தார். கீழே மேரியின் வலது கால் மட்டும் இருந்தது. கிளட்சின்மேல் யாரும் இல்லை. இத்தனை வாரமும் மேரி ஸ்டீரிங்கை மட்டுமே ஓட்டியிருக்கிறார். காரை ஓட்டியது ஜெகன். சிமெண்ட் தரையும் மூன்று செருப்பும் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு, காரில் மட்டும் வேலையே வந்திருக்கவில்லை.

ஜெகன் கெட்டவர் இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்றார். லேடீஸ் உட்கார்ந்தால் கால் தானாகப் போய் அமுக்குகிறதாம். ஆம்பளைப் பசங்களிடமும் இப்படியா என்று மேரி கேட்டதற்கு, அவர்களை மூன்றாம் நாளே சொந்தமாக விட்டுவிடுவதாகவும், நாலு முறை வண்டி நின்றாலும் நாலு திட்டுத் திட்டினால் கற்றுக்கொள்வார்கள் என்றும், பெண்கள் வண்டி நின்றால் பயந்து மறுநாள் வராமல் போய்விடுவார்கள் என்றும் விளக்கினார். போர்டில் இருந்த தனிக் கவனம் இதுதான். ஆண் வண்டியை நிறுத்தினால் அது பயிற்சி. பெண் நிறுத்தினால் அது பெண் புத்தி. நிறுத்தவே விடாமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர் பாதுகாப்பு.

இந்த இரண்டாவது பெடல் கார்களில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். நாற்காலியில் ஊராட்சித் தலைவியையும், பக்கத்து ஸ்டூலில் "தலைவர்" என்று ஊரே அழைக்கும் அவருடைய கணவரையும் பார்க்காதவர்கள் இந்த மாவட்டத்தில் யார்? கழனிப் பத்திரம் மனைவி பெயரில் இருக்கும்; விற்க முடிவு செய்வது அண்ணனும் மாமனாரும். ஸ்டீரிங்கைக் கையில் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். வண்டி நல்லபடியாகப் போனால் அவர்களால் போனது. நின்றால் அவளால் நின்றது.

மேரி இவ்வளவு நீளமாகப் பேசவில்லை. "காலத் தூக்கி மேல வையி," என்றார்.

ஜெகன் பதறினார். ஸ்கூல் ஓனர் தேசப்பனுக்குத் தெரிந்தால் வேலையே போய்விடும் என்றார். "பேஜாராயிடும்க்கா. வண்டி எங்கியாவது போய் இட்சிக்கினா?"

"பிரேக் என்கிட்டயும் கீது. செருப்ப கழட்டி பின்னாடி போடு. சம்மணம் போட்டு குந்து."

ஜெகன் குந்தினார். காலுக்கு வேலை இல்லாமல் போன அந்த நிமிடத்தில்தான் அவர் முழு பக்தராக மாறினார். கண்ணை இறுக மூடி, அம்மனை நோக்கிக் கை கூப்பிவிட்டார். கார் தவளையாகத் தாவி நின்றது. மேரி, எஞ்சின்தான் ஆஃப் ஆச்சு என்று தன் மந்திரத்தைச் சொல்லி மறுபடி சாவியைத் திருப்பினார். மறுபடி தாவல், மறுபடி நிறுத்தம். டிரெய்லர் நிழலில் சோறு பொங்கிக்கொண்டிருந்த ஒருவர், முன் இருக்கையில் சம்மணமிட்டுக் கூப்பிய கையுடன் வந்துபோகும் உருவத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றார்.

"இன்னா மேடம், சாமி ஊர்வலமா? எந்தக் கோயிலு?"

"கண்ணத் தொறக்காத சாமி," என்றார் மேரி. "தட்டுல துட்டு போடு, அது பெட்ரோலுக்கு ஆவும்."

வெயில் சாயும்போது அது நடந்தது. மெல்ல எழும்பிய பாதத்துக்கடியில் எங்கேயோ ஓரிடத்தில் வண்டி லேசாக நடுங்கியது, மூக்கைத் தூக்கியது, ஆனால் நகரவில்லை. மேரி மூச்சை அடக்கிக்கொண்டு அங்கேயே நிறுத்தினார். "இங்கதான் புடிக்குது, தம்பி," என்றார், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல ரகசியக் குரலில். ஜெகன் கண்ணைத் திறந்தார். பழக்க தோஷத்தில் கீழே இறங்கப் பார்த்த தன் காலைத் தானே கையால் பிடித்துக்கொண்டார். அதன்பின் அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்ததும் மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரு சம்மணச் சாமி வலம்வந்தது.

சனிக்கிழமை வெங்கடேசன் கம்பெனிக் காரில் ஏறினார். அதே மேம்பாலம், அதே ஏற்றம். நடுவில் நிறுத்தச் சொன்னார். மேரி நிறுத்தினார். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, அதற்குப் பின்னால் இரும்புச் சுருள் ஏற்றிய லாரி. "ம், எடு," என்றார் வெங்கடேசன்.

மேரி எடுக்கவில்லை. கீழே பார்த்தார். கம்பெனிக் காரில் இரண்டாவது பெடல் கிடையாது. இருந்தும் வெங்கடேசனின் வலது கால், புது மேட் கிழியும்படி வெறும் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

"சார், அந்தப் பக்கம் பிரேக் இல்ல. கால எடுங்க."

"நான் சும்மாதான் வச்சிக்கினு கீறேன்."

"நானும் சும்மாதான் நிக்கிறேன். நீங்க எடுங்க, போலாம்."

ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. லாரி அடித்தது. வெங்கடேசன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், மேரியைப் பார்த்தார், பிறகு, தன் உடம்பின் ஒரு பாகம் தனக்குத் தெரியாமல் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டதுபோல, அந்தக் காலைத் தரையிலிருந்து தூக்கினார். கார் ஒரு அங்குலமும் பின்வாங்காமல் மேலே ஏறியது.

வேலை மேரிக்குத்தான். கேன்டீனில் வெங்கடேசன் இப்போது வேறு கதை நடிக்கிறார். பக்கத்தில் தாம் உட்கார்ந்து சொல்லச் சொல்லத்தான் அந்தம்மா ஏற்றத்தில் எடுத்ததாம். மேரி அதை மறுத்துப் பேசுவதில்லை. சாவியைப் போட்டதும் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் காலைப் பார்க்கிறார். மேனேஜராக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் யாருடைய புருஷனாக இருந்தாலும் சரி. கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தால் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரிந்திருக்கும். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெண் சாவியைத் திருப்பும்போது, தயவுசெய்து, அந்தக் காலை எடுங்கள்.