கையூம் பாயின் களா நோன்பு

அப்துல் கையூம் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டவரில்லை. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து தொடாதவர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. நெல்லித்தோப்பில் இருந்த அவருடைய துணிக்கடை வாசலில் எந்தக் குடிகாரனாவது உட்கார்ந்தால் தண்ணீரை ஊற்றித்தான் எழுப்புவார். அப்பேர்ப்பட்டவர் போதை வார்டில் போய்ப் படுத்தார்.

2002-இல் ஸ்கூட்டர் சறுக்கி இடுப்பில் அடி. டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதினார். பதினோராவது நாளும் மனுஷன் அதே சீட்டை நீட்டினார். மருந்துக்கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். ஒரு நாளைக்கு இரண்டு நாலாகி, நாலு பன்னிரண்டாயிற்று. வலி எப்போதோ போய்விட்டது. மாத்திரையை நிறுத்தினால்தான் வலித்தது. யாராவது கேட்டால் ஒரே பதில்: "மருந்துதானே!"

ரம்ஜான் மாதம்தான் சங்கடம். பகலில் மாத்திரை இல்லாமல் இருக்க முடியாதே! நோயாளிக்கு நோன்பை விட அனுமதி உண்டு என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். குணமாகாத நோயாளி என்றால், விட்ட நோன்புக்கு ஈடாக ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். நாலு வருஷமும் தாராளமாகக் கொடுத்தார். குணமாகக்கூடியவர் என்றால் அந்தச் சலுகை கிடையாது. விட்டதையெல்லாம் பிறகு பிடித்துத் தீர்க்க வேண்டும். அதுதான் களா நோன்பு.

2006-இல் அவர் மனைவி கரீமா, சட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு சாக்கு நிறையக் காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டாள். சாக்கையும் புருஷனையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சாக்கு மேஜைமேல் இருக்கும்போதே, ஒரு நாளைக்கு இரண்டுதான் என்று டாக்டரம்மாவிடம் சாதித்தார் கையூம்.

வார்டில் முதல் நாலு நாள் உயிர் போய் உயிர் வந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், ஓயாத கொட்டாவி, காலை முறுக்கிப் பிழிகிற வலி. அதைவிட, குடிகாரர்களோடு தன்னைப் போட்டுவிட்டார்களே என்ற ஆற்றாமை. அவர் முனகியது பக்கத்துக் கட்டில் அம்மாவாசையின் காதில் விழுந்துவிட்டது.

"பாய், நானும் கடையிலதான் வாங்குனேன், நீங்களும் கடையிலதான் வாங்குனீங்க. உங்க கைல சீட்டு இருந்துச்சு. அவ்ளோதான் வித்தியாசம்" என்றார் அவர்.

கையூம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். மறுநாள் டாக்டரம்மாவிடம், "பன்னெண்டு" என்றார்.

வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து, "கரீமா, விட்டதெல்லாம் களா புடிக்கப் போறேன்" என்று ஆரம்பித்தார்.

அவளுக்குப் பகீரென்றது. "ஒடம்பு தளர்ந்து, திரும்ப அதைத் தேடிப் போயிட்டீங்கன்னா?"

"அப்போ நான் கொணமாகவே மாட்டேன்னு சொல்றியா?"

கரீமா அவரை நேரே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மாவும் சம்மதித்து, பகல் வேளை மருந்தை, பொழுது சாய்ந்து நோன்பு திறக்கும் மக்ரிபுக்குப் பிறகு மாற்றிக் கொடுத்தார்.

முதல் நோன்பன்று கரீமா கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள், அவர் மருந்துக்கடைப் பக்கம் நழுவிவிடாமல். பகல் இரண்டு மணிக்கு அவர் கொட்டாவி விட்டார். அவள் ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாலு மணிக்கு அவர் கண்ணில் தண்ணீர்.

"என்னங்க, முறிச்சிடுங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம். காலு இழுக்குதா?"

அவர் தலையை ஆட்டினார். "இல்ல கரீமா. பசிக்குது."

கரீமா அவரையே பார்த்தாள். நாலு வருஷமாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவள் போட்ட சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அவள் கட்டாயத்துக்குத்தான் சாப்பிட்டார்.

"ரொம்பப் பசிக்குது" என்றார் மறுபடியும், அழுகையும் சிரிப்புமாக.

மக்ரிப் பாங்குக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.