ரீச்சரின் மொறிஸ் மைனருக்கு யப்பான் எஞ்சின்

போன செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையில் ஒரு வங்கி உத்தியோகத்தரின் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பற்றரியும் பெற்றோலும் சேர்ந்து ஓடுகிற புதுக் கார். மனிதர் தன் போனை நீட்டி, எல்லாம் பச்சையில் நிற்கிறது என்று காட்டினார். நான் பழக்கதோஷத்தில் குனிந்து சைலன்சர் வாயில் மூக்கை வைத்தேன். "அதுதான் போன் சொல்லுதே, பிறகேன் மணக்கிறீங்கள்?" என்று சிரித்தார். எரியாத பெற்றோல் கண்ணைக் கரிக்கும். அந்தக் கரிப்பை நான் மறக்க முடியாத இடம், அதே வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில் இருந்த ரீச்சர் வீட்டுப் போர்டிகோ.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் அந்தோனி அண்ணனின் கராஜில் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எஞ்சினைப் பார்க்க மாட்டுகிற லப்டொப்பில் வருகிற இங்கிலீசில் பாதி விளங்காது. கோடு ஏறுவதும் இறங்குவதும் நன்றாக விளங்கும். அது போதும் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். என் குறை வேறு. இறுக்கிய ஆணியை இறுக்கவில்லையோ என்று சந்தேகம் வரும். பஸ்ஸில் ஏறி, இறங்கி, திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தால்தான் மூச்சு வரும். கராஜில் எனக்கு 'ரிட்டர்ன் டிக்கெட்' என்றே பெயர்.

ரீச்சர் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அறுபத்தெட்டு வயது. எனக்குக் கணக்கு ரீச்சர் என்றாலே கை வியர்க்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மொறிஸ் மைனர் அவருடைய கணவரின் கார். அவர் இறந்தபின் ரீச்சர்தான் ஆள் வைத்துத் தகரம் வெட்டி, ஒட்டி, முட்டைக்கோது நிறத்தில் பெயின்ட் அடித்து, புதுக் கார்போல ஆக்கி வைத்திருந்தார். ஆனால் எஞ்சின் தேய்ந்து முடிந்துவிட்டது. பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்றால் பிறகு தள்ள வேண்டும். ரீச்சருக்குத் தள்ள ஆள் தேடிச் சலித்துவிட்டது. யப்பான் எஞ்சின் ஒன்றை, அதை நடத்துகிற கணினியோடு வைத்துத் தரச் சொன்னார்.

கணவரின் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. அவர் பழைய கார் சங்கத்தில் பெரிய ஆள். அந்தக் காரில் அவருக்குக் கண் இருந்ததை ஒழுங்கை முழுக்க அறியும். எஞ்சினை மாற்றுவது செத்தவருக்குச் செய்கிற துரோகம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒருநாள் ரீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. புது எஞ்சின் பூட்டினதும் வருகிற சனிக்கிழமை காலை கொட்டாஞ்சேனைக் கராஜுக்குத் தானே ஓட்டிப் போவதாகவும், வழியில் எஞ்சின் ஒருதரம் நின்றாலும் காரை அவர் பெயருக்கே எழுதித் தருவதாகவும் சொல்லிவிட்டார். சொல்லும்போது நான் போனட்டுக்குள் தலையை வைத்திருந்தேன். அங்கேயே ஆணிகளை இன்னொருதரம் தொட்டுப் பார்த்தேன்.

அந்தோனி அண்ணன் இரும்பு வெட்டி எஞ்சினை உட்கார வைத்தார். வயரும் கணினியும் என் பொறுப்பு. கராஜில் எஞ்சின் பூனைபோல உறுமிக்கொண்டு நின்றது. வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த மறுநாள் காலை ரீச்சரின் போன். ஸ்டார்ட் பண்ணினால் ஏறி இறங்கி, இருமி, நின்றுவிடுகிறதாம். ஓடினேன். போர்டிகோ முழுக்க அந்தக் கரிப்பு. லப்டொப்பை மாட்டி அரை மணித்தியாலம் ஓட்டினேன். பெற்றோலும் காற்றும் ஒத்துக்கொண்டன, சரியாகிவிட்டது. மறுநாள் காலை மறுபடி அதே இருமல். அதற்கு மறுநாளும். வியாழக்கிழமை அந்தோனி அண்ணன் கணினியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய காபரேட்டரைப் போடச் சொன்னார். தம்பிக்காரர் வந்து கதிரை போட்டு இருந்து பார்த்தார். "எத்தினையாம் வகுப்பு படிச்சனீர்?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "அதுதான்" என்றார்.

அந்த 'அதுதான்' இன்றைக்கும் காதில் இருக்கிறது. இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமையும் சரிசெய்து கொடுத்துவிட்டு, பின்னேரம் பஸ் ஏறினேன். கொள்ளுப்பிட்டி வரும்போது, ஸ்க்ரூட்றைவரை எஞ்சினுக்கு மேலேயே விட்டுவிட்டேனோ என்று தோன்றியது. விடவில்லை என்று தெரியும். இருந்தும் இறங்கித் திரும்பி வந்தேன். சாமி விளக்கு ஏற்றுகிற நேரம். போனட் திறந்திருந்தது. ரீச்சர் ஒரு பழைய ஸ்பானரால் பற்றரியின் சிவப்புப் பக்க வயரைக் கழற்றி, துணியால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், என்ன செய்யிறீங்கள்?"

"களட்டுறன். ஒவ்வொரு நாளும் களட்டிறதுதானே. காலமை நீர் வர முதல் பூட்டிப் போடுவன்."

முன்னொரு காலத்தில் நிறுத்தி வைத்த காரில் வயர் புகைந்ததாம். அன்றிலிருந்து கணவர் பற்றரியைக் கழற்றாமல் படுத்ததில்லை. அவர் போனபின் இவரும்.

அப்போதுதான் விளங்கியது. அந்தக் கணினி ஓடி ஓடித்தான் எஞ்சினின் குணத்தைப் பழகும். பற்றரியைக் கழற்றினால் பழகியதெல்லாம் அழிந்துவிடும். ஒவ்வொரு காலையும் நான் புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தேன். பற்றரியைக் கழற்றினால் அழியும் என்பது எனக்குத் தெரிந்த சங்கதிதான். தினமும் எடுக்கிற காரில் ஒவ்வொரு இரவும் ஒருவர் கழற்றுவார் என்பதுதான் தெரியாது.

இனிமேல் கழற்ற வேண்டாம் என்று விளக்கிச் சொன்னேன். ரீச்சர் முழுவதையும் கேட்டார்.

"விளங்குது தம்பி. ஆனா களட்டாட்டி எனக்கு நித்திரை வராது."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். நான் ஸ்க்ரூட்றைவருக்காக பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவன். பற்றரியின் சிவப்புத் தலையிலேயே மெல்லிய வயர் ஒன்றைத் தனியாகப் பிடித்து, நடுவில் சின்ன ஃபியூஸ் வைத்து, நேரே கணினிக்கு இழுத்தேன். பெரிய வயரை அவர் தன் விருப்பப்படி கழற்றலாம். கணினிக்கு மட்டும் உயிர் நிற்கும். பிறகு ரீச்சரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, லைட் போட்டு, லைட் நிறுத்தி, தெகிவளைப் பாலம்வரை இரண்டு தரம் ஓட்டிக் கணினியைப் பழக்கினேன். வந்ததும் அவர் ஸ்பானரை எடுத்துக் கழற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிரவு நித்திரை வராதது எனக்குத்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. தம்பிக்காரர் பின் சீட்டில், நான் முன்னால். ரீச்சர் சாவியை ஒருதரம் திருப்பினார். பிடித்துக்கொண்டது. கொள்ளுப்பிட்டியில் பத்து நிமிடம் நெரிசலில் நின்றோம், எஞ்சின் சுற்றைக் காட்டுகிற ஊசி அசையவில்லை. பொலிஸ்காரன் குனிந்து "ஷோக் கார் எக, நோனா" என்று சிங்களத்தில் காரை மெச்சிவிட்டு வழிவிட்டான். கொட்டாஞ்சேனைக் கராஜ் வாசலில் பிரேக் பிடித்ததும் தம்பிக்காரர் இறங்கிப் போனட் பக்கம் காதைக் கொடுத்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"எண்டாலும் இது மொறிஸின்ர சத்தமில்லை, மச்சாள்."

"ஓம். இது போற காரின்ர சத்தம்" என்றார் ரீச்சர்.

ஒன்பது வருடம் அந்தக் கார் போனது. சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சங்கத்துக்காரர் கூடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே அவர்கள் முன்னாலும். பிறகு ரீச்சருக்குக் கண் மங்கியது. மகளோடு வெளிநாடு போகிற நேரத்தில், வாங்க வந்தது தம்பிக்காரர் மட்டும்தான். வாங்கின கையோடு யப்பான் எஞ்சினைக் கழற்றிப் பழையதைப் பூட்டித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார். கேட்ட கூலி தருவதாகச் சொன்னார். நான் வைத்ததை நானே கழற்ற மாட்டேன் என்றேன். வேறொருவர் ஒரே நாளில் கழற்றினார். அந்த எஞ்சின் ஒருகொடவத்தைப் பழைய சாமான் கடைகள் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டு ஒரு கிழமை தேடினேன், கிடைக்கவில்லை.

வீடு இருந்த இடத்தில் இப்போது ஏழு மாடி. கார் சங்கத்தில் இருக்கிறது, பளபளவென்று, முழுக்க அசல் என்று பலகை வைத்து. கண்காட்சிக்கு லொறியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். தன்பாட்டில் அது எங்கும் போவதில்லை. எது பிழை, எது சரி என்று படித்தவர்கள் சொல்லட்டும். அந்த ஒழுங்கையில் காலை ஏழு மணிக்கு, தள்ள ஒருவரையும் கூப்பிடாமல், ஒரு மனுஷி தன் காரை எடுத்துக்கொண்டு காலிக்குப் போகிற பெருவீதிக்கு ஏறுவது இப்போது இல்லை.