புரோட்டீன் போதும் அக்கா

ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குக் கல்யாணம். சாயம் போட்ட என் முடியோ வைக்கோலாக நிற்கிறது. கண்டிஷனர் வாங்க இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்கார அக்கா முடியைத் தொட்டுப் பார்த்தார். "ரொம்ப வீக்கா இருக்கு லா. கெராட்டின் மாஸ்க் எடுங்க."

"அதைத்தான் அக்கா தலை குளிக்கும்போதெல்லாம் போடுறேன். போடப் போட விறைச்சுப் போகுது."

"அப்போ பத்தல. இதுல டபுள் புரோட்டீன் இருக்கு."

கெராட்டினும் ஒரு புரோட்டீன்தான்; அது முடிக்குப் பலம் தரும். வளைந்து கொடுக்க ஈரப்பதம் வேண்டும். பலம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் முடி முறியும். இதை எப்படிச் சொல்வது?

ஒரு முடியைத் தண்ணீரில் நனைத்து அவர் முன்னாலேயே இழுத்தேன். கொஞ்சமும் நீளாமல் பட்டென்று அறுந்தது.

"பாத்தீங்களா? எனக்கு ஈரப்பதம்தான் வேணும்."

அக்கா பரிதாபமாகப் பார்த்தார். "அறுந்துடுச்சு பாருங்க. அதான் சொல்றேன், புரோட்டீன் பத்தல."

நானே ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் படித்தேன். முன்பக்கம் 'மாய்ஸ்சர்' என்று போட்டிருந்தவற்றில் பாதிக்கு மேல், பின்பக்கம் கெராட்டின். கடைசியில் அடித்தட்டில் கெராட்டின் இல்லாத ஒன்று கிடைத்தது.

வீட்டுக்கு வந்து போட்டுக் குளித்தேன். ரொம்ப நாள் கழித்து சீப்பு சிக்காமல் இறங்கியது. நிம்மதியில் அழுகையே வந்தது.

அம்மா தடவிப் பார்த்தார். "இப்பதான் பட்டு மாதிரி இருக்கு. சனிக்கிழமை சலூனுக்குப் போய் ஒரு கெராட்டின் பண்ணிட்டு வந்துடு."

ஞாயிறு வரைக்கும் யார் வீட்டிலாவது ஒரு ரூம் காலியாக இருக்கிறதா?