பிரேக் கம்பியில் கட்டிய மஞ்சள் துணி

இதை எழுத நான்கு வருடமாகத் தயங்கினேன்.

துவாரகாவில் வசிக்கிறோம். என் மகள் கல்யாணி, ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் குழுவோடு ராஜஸ்தான் கிராமம் ஒன்றுக்குச் சைக்கிளில் கிளம்பினாள். கேலி செய்வாளே என்று, அம்மன் குங்குமம் முடிந்த மஞ்சள் துணியை அவளுக்குத் தெரியாமல் ஹேண்டிலுக்கு அடியில் பிரேக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன்.

நான்காம் நாள் போன் செய்தாள். "ஊருக்குள்ள எறங்குற சரிவுல பிரேக்கே புடிக்கலம்மா. வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்ல போய் விழுந்தேன். நல்லவேளை, சிராய்ப்புதான். உன் துணி நழுவி பிரேக்ல சிக்கியிருக்கு. அம்மனை நல்லா கும்பிடு, என் சைக்கிள்ல மட்டும் கை வெக்காதே!"

கோவிலில் எல்லோரிடமும், "துணி கட்டி அனுப்பினேன், அம்மன் மணலில் ஏந்திக்கொண்டாள்" என்றேன். அந்தத் துணிதான் பிரேக்கில் சிக்கியது என்பதை மறைத்துவிட்டேன்.

போன மாதம் கோவில் வாசலில், அன்று என் கதையைக் கேட்டவர்களில் ஒருத்தியான செல்வி சொன்னாள்: "அக்கா, நீங்க சொன்னீங்களேன்னு எங்க வீட்டுக்காரர் பைக்குலயும் பிரேக் கிட்டயே கட்டிட்டேன்."

செருப்புகூடப் போடாமல் அந்த பைக் நின்ற இடத்துக்கு ஓடிப்போய் அதை அவிழ்த்தேன்.

இப்போது துணி பூஜை அறையிலேயே இருக்கிறது. மகள் சைக்கிளில் கிளம்பும்போது, பிரேக்கை அழுத்திப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் திருநீறு பூசுகிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அம்மன் காப்பாற்றியதை மட்டும் சொல்லிவிட்டு, நான் போட்ட முடிச்சை விட்டுவிடாதீர்கள்.