கஞ்சிக்கு இரண்டு ஆள்

1. முதல் நாள்

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைச் சமையலறையில் நான் மாஸ்டராகச் சேர்ந்த அன்றே நொய்க் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது. நோயாளிகளுக்கான கஞ்சியில் பாதி தரையில். அப்போது என் ஒரு கையில் கரண்டி, மறு கையில் நாவல். நாவலில் கதாநாயகி சாகக் கிடந்தாள். கஞ்சியைவிட அவள் அவசரமாகப் பட்டாள்.

மேனேஜர் வழுக்காத இடமாகப் பார்த்து நின்றார். "இன்னா மாஸ்டர், வார்டுக்குக் காச்சச் சொன்னா தரைக்கு ஊத்திக்கினு இருக்கீங்க?"

"சார், இது ஒரு ஆள் வேலை இல்ல. ஒருத்தர் கிண்டணும், பொங்கி வரும்போது ஒருத்தர் தண்ணி தெளிக்கணும்."

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். அவர் நம்பிவிட்டார். அடுத்த வாரமே தண்ணீர் தெளிக்க மாகறலிலிருந்து பத்மா வந்தார்.

2. தண்ணீர் தெளித்தல்

அவருக்கு நாற்பது இருக்கும். கணவர் காலமாகி ஐந்தாறு வருஷம். எனக்கு அவரைவிட இரண்டு வயது கூட. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தேன். காலையில் முதல் பஸ்ஸில் இறங்கி, செம்பில் தண்ணீரோடு அண்டா பக்கத்தில் வந்து நிற்பார். கஞ்சி வேக முக்கால் மணி நேரம்.

"இன்னைக்குக் கதைல யார் சாவறாங்க மாஸ்டர்?"

"யாரும் இல்ல. கல்யாணம்."

"அப்ப நாளைக்குத்தான் சாவா."

நுரை ஏறும், தெளிப்பார், இறங்கும். அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே வார விடுமுறை எடுக்காத ஒரே சமையல்காரன் நான். மேனேஜர் என்னைக் கடமை வீரன் என்று நினைத்தார்.

ஒருநாள் பத்மா லீவு. தனியாக மாட்டிக்கொண்டேன். பெரிய அண்டாவை ஏற்றி, பாதிக்கு மேல் நிரப்பாமல், உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு நல்லெண்ணெய் தடவி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, வாய்க்குக் குறுக்கே நீளக் கரண்டியைப் போட்டேன். நுரை எண்ணெய் வரைக்கும் வந்தது, அடங்கியது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"நேத்து எப்டி சமாளிச்சீங்க?" என்றார் மறுநாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டேம்மா."

பழைய சின்ன அண்டாவையே விளிம்பு வரை நிரப்பி ஏற்றினேன். இப்படியே நாலு வருஷம்.

3. பரிசோதனை

புதிதாக வந்த டயட்டீஷியன் மேடம் கையில் நோட்டோடு நின்றார். "கஞ்சிக்கு ரெண்டு பேரா? வாலாஜாபாத் கிளைல ஆள் இல்லாம தவிக்கிறாங்க. நாளைக்கு மாஸ்டர் தனியா காச்சட்டும், பாத்துடலாம்."

நான் செய்யவேண்டியது ஒன்றுதான்: பொங்கவிட வேண்டும். அதில் எனக்கு முன் அனுபவமும் உண்டு. மறுநாள் சின்ன அண்டாவை நிரப்பித் தீயை முழுசாக வைத்தேன். மேடம் ஒரு பக்கம், பத்மா வாசலோரம். நுரை வெள்ளையாக ஏறி விளிம்பைத் தொட்டது. மேலே வார்டில் மாத்திரைக்கு முன்னால் இந்தக் கஞ்சிக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்போ, நாலு வருஷத் தொழில் பழக்கமோ, தெரியவில்லை. என் கை போய்த் தீயைக் குறைத்துவிட்டது. இன்னொரு கை கரண்டியைக் குறுக்கே போட்டது. ஒரு சொட்டு வழியவில்லை.

"வெரி குட்," என்றார் மேடம். வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே பாராட்டு.

சாயந்திரம் பஸ் நிறுத்தம் வரை பத்மாவோடு நடந்தேன். நாளையிலிருந்து அவருக்கு வாலாஜாபாத்.

"எண்ணெ தடவுனா பொங்காதுன்னு எனக்கு மொத நாளே தெரியும் மாஸ்டர். எங்க வூட்ல தனியாத்தான காச்சறேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

பதில் விளிம்பு வரைக்கும் வந்து அடங்கியது. "பஸ் வருது பாருங்க," என்றேன்.

உண்மையிலேயே வந்தது. ஏறிப்போனார். பிறகு வாலாஜாபாத்துக்குப் பலமுறை பஸ் ஏற நினைத்தேன். ஒவ்வொரு முறையும் எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

4. தொழிலுக்கு வருபவர்களுக்கு

பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். விளிம்பில் எண்ணெய் தடவுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். கூட நிற்பவரிடம் சொல்ல ஏதாவது இருந்தால், அவர் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்போது நான் தனியாகத்தான் காய்ச்சுகிறேன். பொங்குவதே இல்லை.