வாயில் ஊற்றும் பால்

சாகும்போது என் வாயில் பால் ஊற்ற விட்டுவிடாதே என்று என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டிருந்தார். ஒரு தரமல்ல, மூன்று தரம். முதல் இரண்டு தடவையும், "வாயைக் கழுவுங்க, விளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு இது" என்று அதட்டிவிட்டேன். மூன்றாம் தடவை சரி என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றித்தான் அனுப்புவார்கள். ஊற்றாமல் அனுப்பினால், நாதியற்றுப் போனான் என்று ஊர் பேசும்.

அவர் பாலை விட்டது எழுபதுகளின் நடுவில். சங்கரன்கோவிலில் அவர் ஓர் ஆபீசில் குமாஸ்தா. வீட்டில் ஒரு பசு வைத்திருந்தோம். அது ஈன்ற பத்தாம் நாள் கன்று செத்துப்போனது. கன்று இல்லாமல் பசு சுரப்பு விடவில்லை. பால் கறக்க வருகிறவர் செத்த கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்து, காலுக்கு நாலு குச்சியைச் செருகிக் கொண்டுவந்து பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு அதை நக்க ஆரம்பித்ததும் மடி இளகிவிட்டது. ஊரில் பல வீடுகளில் செய்கிற காரியந்தான். நான் செம்போடு நின்றேன். இவர் சட்டைப் பித்தானைப் போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் காப்பியை நீட்டினால், "பால் ஊத்தாமக் குடேன்" என்றார். வயிறு சரியில்லை போல என்று நினைத்தேன். அந்த வயிறு அதற்கப்புறம் பத்து வருஷம் சரியாகவே இல்லை.

நாங்கள் சைவம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதைப் பார்த்துத்தான். கேக்கில் முட்டை இருக்கும் என்று பேக்கரிப் படியே ஏறாத குடும்பம். அந்தக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, மோர் வேண்டாம், நெய் வேண்டாம், தயிர் வேண்டாம் என்றால் அந்த மனுஷனை என்னவென்று சொல்வது? கறி தின்கிறவர்களுக்கு ஒரு பேர் இருந்தது, எங்களுக்கு ஒரு பேர் இருந்தது. இவருக்குப் பேரே கிடையாது. கல்யாண வீட்டில் நெய்க் கிண்ணம் வந்தால் இவர் இலைமேல் கையைக் குப்புற விரித்துக்கொள்வார். "சார், இது சைவந்தான்" என்று பரிமாறுகிறவர் சமாதானம் சொல்வார். பக்கத்து இலைக்காரர், "சுகரா, கொழுப்பா?" என்று விசாரிப்பார். ஆமாம் என்று தலையாட்டிவிடுவது சுலபம் என்று இவரும் கற்றுக்கொண்டார்.

பசுவை விற்கச் சொல்லவில்லை. என்னைக் குடிக்காதே என்றும் சொல்லவில்லை. ஆனால் பாடு எனக்குத்தான். பொங்கலுக்கு நல்லெண்ணெய், பாயசத்துக்குத் தேங்காய்ப்பால். பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கிப்போகும். ஒருநாள் எரிச்சலில் ரசத்தை நெய்யில் தாளித்து, ஒன்றும் தெரியாதவள் போல ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு இலையை மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன்.

"தேனு? அது பூச்சி சேத்து வச்சதுல்லா?" என்று இன்னொரு நாள் சண்டைக்குப் போனேன்.

"அதையும் விட்டுட்டேன்."

"பட்டு வேட்டி?"

"ஒண்ணுதான கெடக்கு. பெட்டியிலயே கெடக்கட்டும்."

"அப்ப திருநீறு? மாட்டுச் சாணிதான அது. அதையும் அழிச்சிருதீயளா?"

"சாணி அதுவாப் போடுதது ஏளா. யார்கிட்டயும் பிடுங்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக ஆரம்பித்த சண்டை அப்படியே போய்விட்டது.

அவரோடு வேலை பார்த்த கடையநல்லூர் பாய் ஒருவர், தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது, "உங்களுக்கு எதெல்லாம் ஆகாதுன்னு சொல்லுங்க. நாங்களும் ஹலாலான்னு கேட்டுத்தான திங்கோம், இதுல என்ன சங்கடம்" என்று கேட்டு, தனி அடுப்பில் சமைக்கச் சொல்லியிருந்தார். இவர் சொல்லச் சொல்ல அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டது எனக்குச் சுருக்கென்றது. நான் அப்படி ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

எண்பதுகளில் ஓர் ஆவணி மாதம் அவருக்கு வாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் ஆகாரமாகக் கொடுங்கள் என்றார்கள். நான் கஞ்சித் தண்ணீர்தான் கொடுத்தேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினாள். அவருக்கு மூத்தவள், தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"வெறுந் தண்ணியா ஊத்துதியே, எந்தம்பியப் பட்டினி போட்டே கொல்லப் போறியா?" என்று கேட்டாள். அவள் சொல்வதுதான் நிஜமோ என்ற பயம் எனக்குள்ளும் இருந்தது. இரவெல்லாம் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வீடு நிறைய ஆட்கள். நாத்தனார் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்தாள். எங்களுக்குப் பிள்ளையில்லை, அதனால் முதல் கரண்டி நான்தான் ஊற்ற வேண்டும் என்றார்கள்.

"அவுகளுக்குப் பால் வேண்டாம் மதினி. எங்கிட்டச் சொல்லியிருக்காவ. தண்ணி ஊத்துவோம்."

"தொண்டையில பாலு நனையாமப் போகணுமா எந்தம்பி? உசுரு போகாம இழுக்கதே இதுக்குத்தாம்ட்டி. ஊத்து."

"இல்ல மதினி, அவுக..."

யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பால் வேண்டாம் என்று ஒரு மனுஷன் சொல்லியிருப்பான் என்பதே அவர்களுக்கு எட்டவில்லை. நாத்தனார் கரண்டியை என் கையில் திணித்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். அவள் கை இருந்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஊற்றியது நான்தான்.

உதடுகள் இறுகியிருந்தன. பால் இரண்டு கடைவாயிலும் வழிந்து கழுத்துக்கு ஓடியது. அன்று விடிந்ததும் நாலு கரண்டி கஞ்சித் தண்ணீர் இறங்கின தொண்டை அது. நாத்தனார் இரண்டாவது கரண்டி ஊற்றினாள். அதுவும் வழிந்தது.

"பால் எறங்கலையே! போயிட்டானே என் ராசா!" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள். வீடே அழ ஆரம்பித்தது.

நான் முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விரலுக்குக் கீழே நாடி துடித்தது. மெதுவாகத்தான், ஆனால் துடித்தது. உயிர் இருக்கு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொன்னால் மூன்றாவது கரண்டி வரும். வாயைப் பிளந்து ஊற்றுவார்கள்.

அவர் முகத்தை முந்தானையால் மூடினேன். கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. உயிரோடு இருந்த என் புருஷனுக்கு, எல்லாரையும்விடச் சத்தமாக, என் விரலுக்குக் கீழே நாடி அடங்குகிறவரை ஒப்பாரி வைத்தேன்.