ருசி பார்க்காத பியர்

எமிலியானுஸுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டிகள் ஏற்றுகிற வேலை அவருக்கு. பறக்கிறவர்களைவிட ஏற்றுகிறவர்களுக்குத்தான் அங்கே அவசரம். அந்த அவசரத்தை அவர் வேலை உடுப்போடு கழற்றி வைக்காமல் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிற வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். புட்டு அவியும்போது மூடியைத் திறந்து பார்ப்பார். கேத்தில் கொதிக்க முன்பே தூக்குவார். காலில் வெந்நீர் ஊற்றியதுபோலத் திரிகிற இந்த மனிதர், உலகத்தில் வேறு பொழுதுபோக்கே அகப்படாதமாதிரி, வீட்டில் பியர் காய்ச்சப் பழகினார்.

பியர் அவசரப்படாமல் ஆறுதலாக இருக்கத் தெரிந்தவர்களுடைய வேலை. காய்ச்சிப் புளிக்கவைத்த பிறகு அதைக் கெக் என்கிற நெடிய உருக்குக் கலத்தில் அடைக்கவேண்டும். குளிரில் வைத்து, சிலிண்டரிலிருந்து வாயுவை அளவாக விடவேண்டும். அதன்பிறகு செய்ய ஒன்றுமில்லை. வாயு தன்பாட்டில் இறங்கும், முரட்டுக் கசப்பு தன்பாட்டில் அடங்கும். எமிலியானுஸோ தினமும் பேஸ்மென்டுக்கு இறங்கி ஒரு கிளாஸ் பிடித்து ருசி பார்ப்பார். பியர் பதத்துக்கு வரும்போது கெக்கில் பாதி இருக்காது.

அதைக்கூட அவருடைய மனைவி இமெல்டா பொறுத்துக்கொண்டார். பொறுக்கமுடியாதது போன வருடம் நடந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் குடிப்பதில்லை என்று எமிலியானுஸ் நேர்ந்திருந்தார். குடிக்கிறீர்களா என்று இமெல்டா கேட்டபோதெல்லாம் இல்லை என்றார். உயிர்த்த ஞாயிறன்று நற்கருணை வாங்க முதல் ஆளாய்ப் போய் நின்றார். அடுத்த கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில், குடிவெறியில், அவ்வளவு நாளும் களவாகக் குடித்த கதையைத் தானே பெருமையாக எடுத்துவிட்டார்.

இமெல்டா சண்டை பிடிக்கவில்லை. "குடிச்சதுக்கில்லை," என்றார். "நான் கேக்க, என்ரை முகத்தைப் பாத்து இல்லையெண்டனீங்கள். அதுதான்."

இந்த வருடம், தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முதல்நாள், எமிலியானுஸ் ஒரு கறுப்புப் பியரைக் கெக்கில் அடைத்தார். உயிர்த்த ஞாயிறு விருந்துக்கு, ரொறொன்ரோவில் இருந்து வரப்போகிற மைத்துனன், இமெல்டாவின் தம்பி றெக்ஸுக்காக. அன்று மாலை இமெல்டா பேஸ்மென்டுப் படியில் நின்றபடியே சொன்னார்.

"றெக்ஸ் திரும்பிப் போகேக்கை அவனோடை போறதோ இல்லையோ எண்டு நான் அப்ப முடிவெடுப்பன். போனால் பேந்து திரும்பி வரமாட்டன்."

எமிலியானுஸ் இரண்டு படி மேலே ஏறினார். "இந்தமுறை ஒரு சொட்டும் தொடமாட்டன், இமெல்டா. சத்தியமா."

"சத்தியம் வேண்டாம். நான் இனிக் கேக்கவும் மாட்டன்."

சொன்னபடி அவர் கேட்கவேயில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லலாம். கேட்காதவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் எமிலியானுஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பனி தள்ளினார், தள்ளிய இடத்தையே மறுபடி தள்ளினார். கடைசியில் கால் பேஸ்மென்டுக்குத்தான் இழுத்தது. குளிர்ப்பெட்டியைத் திறந்து, கெக்கின் தலையில் இருக்கிற வளையத்தை இழுப்பார். உஸ் என்று வாயு வரும். மூக்கை வைத்து மணந்துவிட்டு மூடுவார். மணப்பது குடிப்பதில்லை என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். மேலே குசினியில் நிற்கிற இமெல்டாவுக்கு அந்த உஸ் சத்தம் கேட்கும். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு நிற்பார்.

நாள் போகப்போக மணம் போதவில்லை. வாயு பிடித்திருக்கிறதா இல்லையா? கிளாஸில் ஊற்றிப் பார்க்கலாம். ஆனால் நிறைந்த கிளாஸ் கைக்கு வந்தால் கை சும்மா இருக்காது என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியும். அதனால் பக்கத்து வீட்டு நகுலேஸ்வரனைக் கூப்பிட்டார். குடிகாரர் என்று சொல்லமுடியாது, கிடைத்தால் விடாதவர், அவ்வளவுதான். இமெல்டா கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமைக்கிற வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நகுலேஸ்வரன் பேஸ்மென்டுக்கு வந்தார். தானே திருகித் தானே ஊற்றிக் குடித்தார். எமிலியானுஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"காஸ் காணாது, எமில் அண்ணை. கோக் குடிக்கேக்கை மூக்கிலை ஏறுமே, அப்பிடி ஏறவேணும்."

பியர் கோக் மாதிரி இருக்கக்கூடாது என்று எமிலியானுஸுக்குத் தெரியாததல்ல. ஆனால் நாக்கைக் கட்டிப்போட்ட மனிதருக்குப் புத்தியும் மட்டுப்பட்டுப்போகுமோ என்னவோ. பன்னிரண்டில் நிற்கவேண்டிய அமுக்கத்தை இருபதுக்குத் திருகிவிட்டார்.

"இந்திராதேவிக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்று மனைவிக்குப் பயந்த நகுலேஸ்வரன் கேட்டுக்கொண்டார். இமெல்டாவுக்குச் சொன்னால் அது இந்திராதேவியின் காதுக்கும் போய்விடும் என்று எமிலியானுஸ் அந்த வாக்கைக் காப்பாற்றினார். அதனால் இமெல்டா வேலையால் வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த கிளாஸைப் பார்த்துவிட்டு அதை எடுத்து அலுமாரியில் வைத்தபோது, அது யார் குடித்தது என்று அவரால் சொல்லமுடியவில்லை.

பிறகு நகுலேஸ்வரனும் கையை விரித்துவிட்டார். முருகன் கோயிலில் பங்குனி உத்தரம் வருகிறதாம், அவர் விரதமாம். ருசி பார்க்க இனி ஒரு நாக்கும் இல்லை. எமிலியானுஸ் தவித்துப்போனார். இரண்டு விரதகாரருக்கு நடுவில் பியர் எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? காஸ் காணாது என்ற அந்த ஒரு சொல்தான் காதுக்குள் நின்றது. பெரிய வெள்ளிக்கு முன்னர் இன்னும் ஒருமுறை போய் முப்பதுக்குத் திருகினார். உஸ் என்று மணந்தும் பார்த்தார். மேலே இமெல்டா தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, காரில் பின்சீற்றில் ஒரு இடத்தை வெறுமையாக வைத்திருக்கச் சொன்னார்.

உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து எல்லோரும் பேஸ்மென்டில் கூடினார்கள். றெக்ஸ் முந்தின நாளே குடும்பத்தோடு வந்திருந்தான். உத்தரம் முடிந்ததால் நகுலேஸ்வரனும் வாய்க்கு விடுதலையோடு வந்திருந்தார். எமிலியானுஸ் குழாயைத் திருப்பினார்.

வந்தது நுரை. கிளாஸ் நிறைய நுரை, அடுத்த கிளாஸ் நிறைய நுரை. ஜக்கைப் பிடித்தால் அது பொங்கி அவருடைய பூசைச் சட்டையை நனைத்தது. அளவுக்கு மிஞ்சி ஏற்றிய வாயு அத்தனையும் நுரையாகிவிட்டது; பியர் என்று சொல்ல ஒரு மிடறும் இல்லை.

"என்ன அத்தான், சவர்க்காரத் தண்ணியே?" றெக்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இவ்வளவு காலமும் காய்ச்சிற ஆள். இடைக்கிடை ஒரு வாய் குடிச்சுப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்குமே!"

சிரிப்பில் சேராமல் நின்ற ஒரே ஆள் இமெல்டா. "நீங்கள் பாக்கேல்லையோ?" என்று கேட்டார். தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இல்லை," என்றார் எமிலியானுஸ்.

"அண்ணையிலை பிழையில்லை அக்கா," என்று நகுலேஸ்வரன் தலையைச் சொறிந்தார். "நான்தான் காஸ் காணாதெண்டனான். என்னைக் குடிக்கவிட்டிட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டவர். எனக்கே பாவமாக் கிடந்தது."

"அந்தக் கிளாஸ்?"

"நான் குடிச்சதுதான். கழுவி வைச்சதும் நான்தான்."

இமெல்டா நுரை வழிகிற ஜக்கைப் பார்த்தார். ஒரே ஒரு மிடறு களவாகக் குடித்திருந்தால் இந்தப் பியர் தப்பியிருக்கும். அவருடைய கண் நிறைந்துவிட்டது.

"ஒவ்வொரு நாளும் உந்த உஸ் சத்தம் கேக்கேக்கை, குடிக்கிறார் எண்டுதான் நினைச்சனான்," என்றார். "ஒருநாளாவது நம்பேல்லை."

நாற்பது நாளும் தனியாகக் கிடந்து தவித்ததற்கு எமிலியானுஸுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. "நானெண்டாலும் நம்பியிருக்கமாட்டன்," என்றார், நனைந்த சட்டையோடு.

றெக்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, விடிய எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்?" என்றான்.

இமெல்டா ஜக்கை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ போயிட்டு வா தம்பி. இந்த நுரை அடங்கட்டும். நான் இருந்து பாக்கிறன்."

எமிலியானுஸ் அத்தனை பேருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதார்.